வெட்கம் காத்திருக்கலாம், காயம் காத்திராது

வன்னி நிலத்தில் வாழும் ஒருவனை இரவில் புடையன் பாம்பு தீண்டிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். வீட்டார் வாய்விட்டுக் கூவுவர். அயலவர் விளக்குடன் ஓடிவருவர். ஒருவர் மோட்டார் சைக்கிளை எடுப்பார். மற்றொருவர் உழவு இயந்திரத்தை இயக்குவார். கடிபட்டவனும் தனக்கு நேர்ந்ததை மறைக்க எண்ணுவதில்லை. பனையிலிருந்து வீழ்ந்தவனும், அரிவாளாற் கையை அறுத்துக்கொண்டவனும் அவ்வாறே. காயம் பட்டால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதை எமது மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த போரின் கொடுமை அப்பாடத்தை அவர்களுக்கு மறக்கவியலாதபடி கற்பித்துவிட்டது.

ஆயினும், ஆடவர்க்கு நேரக்கூடிய காயம் ஒன்றுண்டு. அது நேர்ந்தால் அவன் கூவுவதில்லை, அயலவரை அழைப்பதுமில்லை. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துவிடுகிறான். விடிந்தால் மாறிவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான். அக்காயத்திற்கு வைத்திய நூலார் இட்ட பெயர் ஆண்குறி முறிவு என்பதாகும்.

குடும்பத்தார் யாவரும் படிக்கும் ஞாயிறு இதழில் இப்பொருளைப் பேசுவது தகுமா என்று சில வாசகர்கள் ஐயுறலாம். நாமும் சிறிது தயங்கியே எழுதுகோலை எடுத்தோம். ஆனால், உடலின் ஓர் உறுப்புக் கெடுவதற்கும் அதனால் ஓர் இல்லறம் வாடுவதற்கும் வெட்கமே காரணமாகுமாயின், அவ்வெட்கத்தைக் குடும்பத்தார் படிக்கும் இதழில் அன்றி வேறெங்கே களைவது? ஆகவே, மறைக்காமலும் அதேவேளை வரம்பு கடவாமலும் இதனைக் கூறுவோம்.

முறிவது எது?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். மனிதனின் ஆண்குறியில் எலும்பு கிடையாது. நாய் முதலிய சில விலங்குகளுக்கு அங்கு எலும்புண்டு; மனிதனுக்கு இல்லை. பின்னர் முறிவது யாது?

ஆண்குறியின் உள்ளே, இரண்டு குழாய்களை அருகருகே வைத்தாற்போல, பஞ்சு போன்ற இரு திசுத் தண்டுகள் உள்ளன. அவற்றைச் சுற்றி வெண்மையான, உறுதியான உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. விறைப்பு உண்டாகும்போது அத்தண்டுகளில் இரத்தம் நிறைகின்றது. உறை இழுபட்டு மெலிகின்றது. சாதாரண நிலையில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள அவ்வுறை, விறைப்பின்போது அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக, சில இடங்களிற் கால் மில்லிமீற்றர் அளவாகவும் மெலிந்துவிடுகிறது. துவிச்சக்கர வண்டியின் றப்பர்க் குழாயில் காற்று நிரம்ப நிரம்ப அது மெலிந்து இறுகுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அந்நிலையில் உறுப்புத் திடீரென வளைந்தால் அல்லது எதன் மீதேனும் மோதினால், உறை கிழிகின்றது. உள்ளே தேங்கியிருந்த இரத்தம் அக்கிழிசல் வழியே தோலின் கீழ்ப் பாய்கின்றது. இதுவே முறிவு எனப்படுவது.

பெரும்பாலும் இது தாம்பத்திய உறவின்போது, உறுப்பு விலகி மற்றவரின் இடுப்பெலும்பின் மீது மோதுவதால் நேர்கின்றது. உறக்கத்திற் புரண்டு படுக்கும்போது நேர்வதும் உண்டு. இருளிற் கட்டிலிலோ கதவிலோ இடித்துக்கொள்வதால் நேர்வதும் உண்டு. விறைப்பை அடக்கும் நோக்குடன் கையால் வளைத்து அழுத்துவதாலும் நேரும். ஈரானின் மேற்குப் பகுதியிலுள்ள கெர்மான்ஷா நகரிலே, விறைத்த உறுப்பை வளைத்துச் சொடுக்கும் வழக்கம் சிலரிடம் இருந்து வந்தது. அதனை அங்குள்ளார் ‘தக்காந்தன்’ என்பர். அந்நகரின் வைத்தியர் சர்கூஷி, தாம் கண்ட 172 நோயாளரைப் பற்றி 2000 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் இவ்வழக்கத்தாலேயே முறிவுற்றவர்கள். விரலைச் சொடுக்குவது போன்றதே இதுவும் என்று இளைஞர்கள் எண்ணியதன் விளைவு அது.

ஆகவே, இக்காயம் மணமானவர்க்கு மட்டும் உரியதன்று. ஒழுக்கக் கேட்டின் அடையாளமுமன்று. தனியே உறங்கிய இளைஞனுக்கும் இது நேரலாம். நோயாளியைக் கண்டவுடன் அவனது நடத்தையை ஆராயப் புகுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இது புதிய நோயுமன்று. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபாவில் வாழ்ந்த அராபிய அறுவை வைத்திய மேதை அல் சஹ்ராவி இதனைக் குறித்து எழுதினார் என்பர். மனிதர் இதனை மறைத்து வந்திருக்கலாமே தவிர, வைத்தியம் இதனை அறியாதிருக்கவில்லை.

அடையாளங்கள்

இக்காயத்தின் அடையாளங்கள் தெளிவானவை. அவற்றை ஒருமுறை அறிந்துகொண்டவர் எளிதில் தவறவிடமாட்டார்.

முதலாவது, சத்தம். காய்ந்த சுள்ளி ஒடிவது போன்ற ஓசை கேட்கும். பலர் அதனைத் தெளிவாகக் கேட்டதாகக் கூறுவர். சிலருக்கு ஓசை கேட்பதில்லை. ஏதோ அறுந்தாற்போன்ற உணர்வு மட்டும் உண்டாகும்.

இரண்டாவது, விறைப்பு அக்கணமே தளர்ந்துவிடுதல்.

மூன்றாவது, வலி. பெரும்பாலோர்க்கு அது கடுமையானது; ஆனால் சிலருக்கு வலி சொற்பமாகவே இருக்கும். வலி குறைவென்பதால் காயமும் சிறிதென்று எண்ணலாகாது.

நான்காவது, வீக்கமும் நிறமாற்றமும். உறுப்பு வீங்கி, கருநீலமாகி, ஒரு பக்கம் வளைந்து காணப்படும். அத்தோற்றத்திற்கு உலகெங்குமுள்ள வைத்தியர்கள் கத்தரிக்காயையே உவமை கூறுவர். இரத்தம் மேலும் பரவின், விதைப்பையும் அடிவயிறும் கறுத்துப் போகலாம்.

ஐந்தாவது, சிறுநீர் வழியில் இரத்தம் தோன்றுதல், அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை. உறையோடு சேர்ந்து சிறுநீர்க் குழாயும் கிழிந்திருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது. எல்லோர்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. நேர்ந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

இவற்றுள் எல்லாம் ஒருங்கே தோன்ற வேண்டுமென்பதில்லை. விறைத்த உறுப்பில் அடிபட்டபின் வீக்கமும் நிறமாற்றமும் காணப்பட்டால் அதுவே போதும். வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டியதே. சிற்சில வேளைகளில் தோலின் கீழுள்ள இரத்தக் குழாய் ஒன்று மட்டும் உடைந்து இதே போன்ற தோற்றத்தைத் தருவதுண்டு. அது அதுவா, இது இதுவா என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. வீட்டில் இருந்துகொண்டு நாம் தீர்ப்பளிக்கும் விஷயமன்று.

இரண்டு இரவுகள்

ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். இவர்கள் நாம் கற்பனையிற் படைத்தவர்களே. ஆயினும் இவர்களைப் போன்றோர் எங்கும் உளர்.

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் இளம் தம்பதியர். நள்ளிரவில் இக்காயம் நேர்கின்றது. மனைவி பதறி எழுந்து, “இஞ்சருங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்” என்கிறாள். அவனோ, “இதைப் போய் ஆரிட்டைச் சொல்லுறது? சனம் சிரிக்கும். பேசாமல் படு, விடிய மாறியிடும்” என்கிறான். விடிகிறது, மாறவில்லை. மறுநாள் காய்ச்சல் என்று கூறி வயலுக்குப் போகாமல் இருக்கிறான். தாயார் கேட்டதற்கும் அதே விடை. மூன்றாம் நாள் நண்பன் ஒருவனிடம் மெல்லக் கூற, அவன் எண்ணெய் தடவி உருவச் சொல்கிறான். சில வாரங்களில் வீக்கம் வற்றுகின்றது. ‘மாறிவிட்டது’ என்று மகிழ்கிறான். ஆனால் கிழிந்த இடத்திலே தழும்பு இறுகி, உறுப்பு வளைந்து, உறவு நோவு தருவதாகிவிடுகின்றது. கணவன் விலகிப் படுக்கிறான். மனைவி தன்னில் ஏதோ குறையென்று எண்ணி உள்ளூர அழுகிறாள். ஆண்டுகள் கழிகின்றன. குழந்தை இல்லையே என்று ஊரார் கேட்கும் கேள்வி அவளையே சாருகின்றது.

இனி, அதே இரவை வேறு விதமாக எண்ணுவோம். மனைவி 1990 என்ற இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைக்கிறாள். “அவருக்குக் கீழே அடிபட்டுப் போச்சு, நல்லா வீங்கியிருக்கு” என்கிறாள். அதற்கு மேல் அவள் எதனையும் விவரிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி வருகின்றது. விடிவதற்குள் அவன் வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கிறான். அன்றே சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. சில நாட்களில் வீடு திரும்புகிறான். அயலவர் கேட்டால், “ஒரு சின்ன ஒப்பரேசன்” என்ற விடை போதுமானதாயிற்று.

இரண்டு இரவுகளுக்கும் காயம் ஒன்றே. வேற்றுமை ஒரு வாக்கியத்தைச் சொல்லியதிலும் சொல்லாமல் விட்டதிலுமே உளது.

செய்யத் தக்கனவும் தகாதனவும்

வைத்தியசாலைக்குப் புறப்படுமுன் செய்யக் கூடியது சிறிதே. உறுப்பை அசைக்காமல், தளர்ந்த சுத்தமான துணியால் தாங்கிக்கொள்ளலாம். பனிக்கட்டி கிடைக்குமாயின், அதனைத் துணியிற் சுற்றிப் பத்து நிமிடம் மட்டும் வைத்து எடுக்கலாம். தோலின் மீது நேரே வைக்கலாகாது. பனிக்கட்டி தேடிக் கடை கடையாக அலைவதற்காகப் பயணத்தைத் தாமதிப்பது கூடாது.

உணவும் பானமும் தவிர்க்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க நேரிடும். வயிறு வெறுமையாய் இருப்பதே பாதுகாப்பு. ‘களைத்துவிட்டான்’ என்று இரக்கப்பட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை அன்றொரு நாள் அடக்கிக்கொள்ளல் வேண்டும். வலிக்கென்று அஸ்பிரின் கொடுப்பதும் தவறு. அது இரத்தம் உறைவதைத் தடுப்பது. இரத்தத்தை மெலிவாக்கும் மருந்துகளை ஏற்கெனவே உட்கொள்பவராயின் அதனை வைத்தியரிடம் மறவாது கூற வேண்டும்.

வளைந்த உறுப்பைக் கையால் நிமிர்த்த முயலலாகாது. எண்ணெய் பூசி உருவுதலும், வெந்நீர் ஒற்றடமும், இறுக்கிக் கட்டுதலும் கேடே விளைவிக்கும். சிறுநீர் இறங்கவில்லையெனின் முக்கியும் நீரை நிறையக் குடித்தும் முயலலாகாது. ‘முறிவு’ என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் முறிவு வைத்தியரின் புக்கையை நினைக்கக்கூடும். கை கால் எலும்பை இணைப்பதில் அவர்களுக்குள்ள பெயரை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் இங்கு எலும்பே இல்லை. கிழிந்த உறையைப் புக்கை தைக்க மாட்டாது.

எங்கே செல்வது?

வன்னியின் தூரங்கள் வன்னியில் வாழ்வோர்க்கே தெரியும். காட்டு வழியும், குளக்கட்டு வீதியும், இரவில் யானைப் பயமும் கடந்து வர வேண்டியிருக்கும். ஆகவே, எங்கே செல்வது என்பதை ஆபத்து வருமுன்னரே அறிந்திருத்தல் நலம்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. கிளிநொச்சியிலிருந்து கண்டி வீதி வழியே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. இவற்றுள் ஒன்றை நேரே அடைய முடியாத தொலைவில் உள்ளோர், அண்மையிலுள்ள பிரதேச அல்லது ஆதார வைத்தியசாலைக்கு முதலிற் செல்லலாம். சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்திற்கு அவர்களே வண்டியில் அனுப்பிவைப்பர். அங்கு சென்றதும், ‘விடியட்டும்’ என்று வாங்கில் அமர்ந்திராமல், இது அவசரம் என்பதை எடுத்துரைத்தல் வேண்டும்.

2016 ஆம் ஆண்டில் இலங்கையின் மேல், தென் மாகாணங்களிலே இந்திய உதவியுடன் தொடங்கி, 2018 இல் வட மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்ட ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டிச் சேவையின் இலக்கம் 1990. அதற்குக் கட்டணமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் செய்யப்படும் சத்திரசிகிச்சைக்கும் கட்டணமில்லை. ஆதலின், ‘கையிற் காசில்லை’ என்பது காத்திருப்பதற்குக் காரணமாகாது.

வைத்தியரிடம் என்ன கூறுவது? மூன்று செய்திகள் போதும்: எப்போது நேர்ந்தது, ஒடிந்த சத்தம் கேட்டதா, சிறுநீரில் இரத்தம் வந்ததா. வைத்தியர் வேற்று மொழியினராயின், உறுப்பைக் காட்டினாற் போதும்; அக்காயத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. பெண் வைத்தியர் என்றோ, தெரிந்த ஊரைச் சேர்ந்த தாதி என்றோ பின்வாங்கலாகாது. நோயாளியின் மறைபொருளைக் காப்பது கிரேக்கத்து இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பண்டைய உறுதிமொழியிலிருந்தே வைத்தியத் தொழிலுக்குரிய கடமையாக இருந்து வருகிறது. கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்ததாகப் பொய் கூறுவோரும் உளர். அப்பொய்யால் நட்டம் வைத்தியருக்கன்று. அவர் வேறு நோயைத் தேடிக் காலம் கழிப்பார், இழப்பு நோயாளிக்கே.

கத்தியைக் கண்டு அஞ்ச வேண்டாம்

வைத்தியர் பெரும்பாலும் கேட்டும் பார்த்துமே இதனை அறிந்துகொள்வார். ஐயமிருப்பின் ஒலியலைப் படம் எடுத்துப் பார்ப்பதுண்டு. பின்னர் மயக்க மருந்து கொடுத்து, தோலைத் திறந்து, உறைந்த இரத்தத்தை அகற்றி, கிழிந்த உறையைத் தானே கரையும் நூலால் தைத்துவிடுவார். சிறுநீர்க் குழாயும் கிழிந்திருந்தால் அதனையும் தைத்து, அது ஆறும்வரை சிறுநீர் வெளியேறச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்திவைப்பார்.

முற்காலத்தில் பனிக்கட்டியும் கட்டும் மருந்துமாகப் படுக்கவைத்தே இதனைக் குணப்படுத்த முயன்றனர். அவ்வாறு விடப்பட்டவர்களிற் பலர்க்கு வளைவும் விறைப்புக் குறைவும் எஞ்சியதைக் கண்ட பின்னர், விரைந்து தைப்பதே சிறந்ததென வைத்திய உலகம் தெளிந்தது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டியும் தாமதியாத சத்திரசிகிச்சையையே விதிக்கின்றது. உரிய காலத்திற் சிகிச்சை பெற்றவர்களிற் பெரும்பாலோர் முன்போலவே இல்லறம் நடத்துகின்றனர். நான்கு முதல் ஆறு வாரம் வரை உறவைத் தவிர்க்குமாறு கூறுவர். அதனையும், பாரம் தூக்குதல் பற்றி வைத்தியர் கூறுவதையும் தவறாது கேட்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். முதல் நாளிலேயே செல்வது சிறந்தது. ஆனால் இரண்டு மூன்று நாள் கடந்துவிட்டதென்று எவரும் மனம் தளர்ந்து வீட்டில் இருந்துவிடலாகாது. நாட்பட வந்தோர்க்கும் சத்திரசிகிச்சை நற்பயன் தந்ததுண்டு. ‘இனிப் போய் என்ன பயன்’ என்பது, ‘விடிய மாறியிடும்’ என்பதைப் போலவே பொல்லாத எண்ணம்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

இதனோடு ஒட்டிய வேறோர் ஆபத்தையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதிற்குட்பட்ட பையன்களுக்கு, எவ்வித அடியும் படாமலே, விதை தன் நரம்புக் கொடியோடு முறுக்கிக்கொள்வதுண்டு. திடீரென ஒரு பக்க விதையிற் கடும் வலியும், குமட்டலும், சிலபோது அடிவயிற்று நோவும் தோன்றும். இரத்த ஓட்டம் தடைப்படுவதால், ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்திற்குள் முறுக்கை அவிழ்க்காவிடின் விதையையே இழக்க நேரிடலாம். பையன் வெட்கத்தால் “வயிற்றுக்குத்து” என்று மட்டும் கூறுவான், தாய் ஓமத் தண்ணீர் கொடுப்பாள், இரவு கழிந்துவிடும். ஆகவே, வயிற்று நோவென்று துடிக்கும் பையனிடம் தந்தையோ மாமனோ தமையனோ தனியே அழைத்து, “கீழே நோகுதோ தம்பி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நன்று. அவ்வொரு வார்த்தைக்காக அவன் வாழ்நாள் முழுதும் நன்றியுடையவனாய் இருப்பான்.

மனைவியர் அறியத் தக்கது

இக்கட்டுரையைப் பெண்கள் படிக்க வேண்டுமென்பதே எமது பெருவிருப்பம். ஏனெனில், அவ்விரவில் அருகே இருப்பவள் பெரும்பாலும் மனைவியே. கணவனின் வீம்பு தளர்வதற்குக் காத்திராமல் தொலைபேசியை எடுக்கக் கூடியவளும் அவளே.

அவள் தன்னைக் குற்றவாளியென்று எண்ண வேண்டியதில்லை. இது எவருடைய பிழையுமன்று. கால் இடறி விரல் முறிவது போன்றதொரு விபத்து. மாமியாரோ மைத்துனியோ சந்தேகமாக வினவினால், ‘அடிபட்டுவிட்டது, வைத்தியரிடம் காட்ட வேண்டும்’ என்ற அளவே விடை கூறலாம். மூத்தோரும் அதற்கு மேற் கேளாதிருப்பது பண்பாகும்.

வைத்தியரிடமும் வழக்கறிஞரிடமும் உள்ளதை மறைக்கலாகாது என்று எமது முதியோர் கூறுவர். ஊர் முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒருவரிடம், அவ்விரவே சொன்னாற் போதும். பாம்பு தீண்டினால் நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கப்படாதிருப்போமாக.